அகதா கழற்றிய போர்டு

லிங்கி ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. அதை மூன்றாகப் பிரித்து விற்றபோது தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இரண்டே நாளில் இடித்துத் தள்ளினார்கள். அதை எதிர்த்து ஒருவரும் கூட்டம் போடவில்லை. கோயிலை நகர்த்த வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோதுதான் செரம்பானிலிருந்து நான்கு பஸ்களில் ஆள் வந்து இறங்கியது. மனிதர்கள் போனார்கள், கோயில் நின்றது. இன்று எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே அதற்குக் குளிர்சாதன மண்டபம் இருக்கிறது. மண்டபத்தின் இரு பக்கமும் வீட்டுச் சுவர் அளவுக்கு இரண்டு திரைகள், நான்கு கேமராக்கள், நேரலை. மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள தமிழ்ப்பள்ளியில் மழை பெய்தால் இரண்டாம் வகுப்புக்கு உட்கார இடமில்லை. அதற்குத் திரை எதுவும் தேவைப்படவில்லை போலும்.

இடிக்கப்பட்ட லயத்தின் நான்காவது வீட்டில் பிறந்தவள் அகதா. அப்பா அந்தோனி ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், பிறகு செம்பனைக் குலை தள்ளினார். மகள் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்துவிட்டுக் கோலாலம்பூருக்கு வேலைக்குப் புறப்பட்ட அன்று, அவளுடைய கருவிப் பெட்டிக்குப் புனித நீர் தெளிக்கப் பாதிரியாரை அழைத்து வந்தார். ஈரம் பட்டால் மீட்டர் கெட்டுவிடும் என்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தாள் மகள். பாதிரியார் காலி மேசைக்குத் தெளித்துவிட்டுப் போனார்.

ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தாள். அவள் கவனிப்பில் இருந்தது வீடியோ ஸ்விட்சர். பல கேமராக்களிலிருந்து வரும் படங்களில் எது வெளியே போக வேண்டும் என்று பொத்தானைத் தட்டித் தேர்ந்தெடுக்கிற இயந்திரம் அது. நிலையம் மூடப்பட்டதும் ஊர் திரும்பி, செரம்பானில் ஷங்கர் என்பவர் நடத்தும் சிறிய வீடியோ நிறுவனத்தில் பழுது பார்க்கச் சேர்ந்தாள். அப்பாவுக்கு வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

மூடப்பட்ட நிலையத்தின் சாமான்களோடு அந்த ஸ்விட்சரும் ஏலத்துக்கு வந்தது. அதை வாங்கியது இந்தக் கோயில்தான். கோயில் தலைவர் சோலையப்பன் செரம்பானில் பெரிய வியாபாரி, தோட்டத்தின் மூன்று துண்டில் ஒன்றை வாங்கியவர். டத்தோ பட்டம் வாங்கியவர், அதைச் சொல்லாமல் அழைத்தால் திரும்பிப் பார்க்காதவர். நான்கு கேமராவுக்கு ஒரு சின்னப் பெட்டி போதும் என்று அகதா சொல்லிப் பார்த்தாள். அவருக்கோ பொத்தான்களின் எண்ணிக்கை பிடித்துவிட்டது. செப்டம்பர் மாதத்தில் அவளே வந்து பொருத்திக் கொடுத்தாள். மடப்பள்ளிக்குப் பக்கத்து அறையில் அலமாரி அளவு இயந்திரம், மண்டபத்தில் பொத்தான் மேசை. மேசையில் உட்கார்ந்து பொத்தான் தட்டுகிற பதவி டத்தோவின் அக்காள் மகன் செந்திலுக்குப் போனது. தகுதி, அக்காள் மகன் என்பது.

ஏப்ரலில் திருவிழாவுக்குக் கொடியேற்றிய அன்று மூன்றாவது கேமரா கறுத்தது. பிறகு நான்காவதில் பச்சைக் கோடுகள் ஓடின. கடைசியில் எல்லாத் திரைகளும் இருண்டன. நேரலையில் அம்மனுக்குப் பதிலாக அரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை கோயில் நிர்வாகம் ஷங்கருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பியது. உங்கள் பணியாளரின் அலட்சியத்தால் இயந்திரம் பழுதடைந்தது, அவரை நீக்காவிட்டால் எங்களோடும் எங்களைச் சேர்ந்த ஆறு கோயில்களோடும் உங்களுக்கு இனித் தொடர்பில்லை என்றது கடிதம். இது தாளுக்கு. மண்டபத்தில் வாயால் பேசிக்கொண்டது வேறு. வேதக்காரப் பொம்பளை, எந்த நாளில் வந்து தொட்டாளோ, ஆத்தாவுக்குப் பொறுக்கவில்லை. படித்தவர்கள் நடத்தும் நிர்வாகம் அல்லவா, தீட்டை ஆங்கிலத்தில் எழுதினால் எடுபடாது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஷங்கர் அகதாவைக் கூப்பிட்டார். அவர் கெட்டவரில்லை. முதுகெலும்பு இருந்திருந்தால் நல்லவர் என்றே சொல்லலாம்.

"உன் மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும் லா, அகதா. ஆனா ஏழு கோயில். நீ போய்ச் செஞ்சு குடு. என்னத்தால கெட்டுச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதி, டத்தோ கையெழுத்தோட கொண்டு வா. வந்தா வேலைல இரு."

"வரலன்னா?"

"வரலன்னா நான் என்னா செய்ய முடியும், நீயே சொல்லு."

கோலாலம்பூரில் பழைய சாமான் விற்பவரிடம் அதே வகை உள்ளீட்டு போர்டு ஒன்று கிடைத்தது. கேமராக்களின் படம் முதலில் வந்து சேர்வது அந்த மின்சுற்று அட்டைக்குத்தான். எடுத்துக்கொண்டு மறுநாள் பதினொரு மணிக்குக் கோயிலுக்குப் போனாள்.

அறையில் செந்தில் காவலுக்கு நின்றான். அகதா இரண்டு மின் இணைப்புகளையும் துண்டித்தாள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும் வரை காத்திருந்தாள். பிறகு மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டி, அதிலிருந்த வயரை இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் கவ்வ வைத்தாள்.

"என்ன அக்கா, நீங்களும் கயிறு கட்டுறீங்க. உங்க சாமிக்கும் அந்தப் பழக்கம் உண்டா?"

"என் உடம்புல இருக்கிற மின்சாரம் போர்டுல பாயாம இருக்க இது. கட்டாம தொட்டா புது போர்டும் செத்துப் போகும். உன் கையில இருக்கிறது எதுக்கு?"

"இது பொதுவா கட்டுனது, அக்கா."

முன் கதவைத் திறந்தாள். இரு பக்கமும் இருந்த நெம்புகோல்களை ஒரே நேரத்தில் இழுத்தாள். போர்டு தன் தடத்தில் நழுவி வெளியே வர வேண்டும். வரவில்லை. எதுவோ பிடித்திருந்தது. மெல்ல அசைத்து அசைத்து இழுத்தபோது, உலர்ந்த களிம்பு உடையும் சத்தத்தோடு வந்தது.

அவள் அதைத் துணியின் மேல் வைத்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மேல் விளிம்பு முழுக்க மூன்று விரல் சந்தனம். அதன் நடுவில் குங்குமப் பொட்டு. அங்கிருந்து மஞ்சள் நீர் வழிந்து காய்ந்த கறை போர்டு நெடுகப் பரவியிருந்தது. ஆறு மாத ஆற்றோர ஈரத்தில் செம்புக் கால்களில் பச்சை பூத்திருந்தது. இரண்டு இடங்களில் சில்லுகள் எரிந்து கரி வட்டமாகக் கிடந்தன.

"இது எப்ப நடந்துச்சு?"

"ஆயுத பூசைக்கு, அக்கா."

"கதவு மூடியிருந்திருக்குமே."

"நான்தான் தொறந்து விட்டேன். ஐயரு வெளியத்தான் வைக்கப் போனாரு. சாமானெல்லாம் உள்ள இருக்கு, வெளியில தெளிச்சா யாருக்குப் போய்ச் சேரும்னேன். அவரும் மாவிலையால நல்லா உள்ள அடிச்சாரு."

இந்த அறிவைக் கேட்டபடி அகதா துடைக்கும் துணியை எடுத்தாள். காரில் பெட்ரோலும் கைப்பேசியில் மின்சாரமும் இல்லாமல் ஒரு நாள் வாழத் தெரியாத கூட்டம், அவற்றைச் செய்தவனுக்கு ஒரு வணக்கம் சொல்லாது. செய்த பொருளுக்குப் பொட்டு வைக்கும். பொட்டு வைத்து அது கெட்டால் பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் பார்க்கும்.

தடங்களைத் துடைத்து உலர்த்தினாள். புது போர்டைச் செருகினாள். இயந்திரம் எழுந்தது, ஆனால் போர்டை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அதிலிருந்த மென்பொருள் பழைய பதிப்பு. தேங்காய் உடைத்தால் வந்துவிடும் என்றான் செந்தில், உண்மையாகவே. அவள் மடிக்கணினியை இணைத்துச் சரியான பதிப்பை ஏற்றினாள். இருபது நிமிடத்தில் நான்கு கேமராக்களும் திரையில் நின்றன. மண்டபத்தில் அன்னதானம் நடந்துகொண்டிருந்தது, இருநூறு பேர் இருப்பார்கள். திரையில் அம்மன் தெரிந்ததும் கை தட்டினார்கள். அம்மனுக்கு.

சோலையப்பன் அறைக்கு வந்தார். அகதா அறிக்கையை நீட்டினாள். ஆயுத பூஜையன்று திறந்திருந்த இயந்திரத்துக்குள் மஞ்சள் நீரும் குங்குமமும் சந்தனமும் விழுந்து போர்டு எரிந்தது, பொருத்தியவர் மீது தவறில்லை என்று எழுதியிருந்தாள்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா தங்காச்சி, தீர்த்தம் பட்டு மெஷின் ரோசாக் ஆச்சு, கெட்டுப் போச்சுன்னு கோயில் தலைவரு கையெழுத்துப் போடணுமா? நாளைக்கு நான் வெளிய தல காட்ட வேணாம்?"

"நடந்தத எழுதியிருக்கேன், டத்தோ."

"மழை ஈரத்தால கெட்டுப் போச்சுன்னு மாத்தி எழுது. இப்பவே போட்டுத் தர்றேன்."

"மழை மஞ்சளா பெய்யாது. அதோட, மழைன்னு எழுதினா ஈரத்துல ஏன் பொருத்தினேன்னு என்னத்தான் கேப்பீங்க."

"ஒழுங்கா பேசு. நீ எந்த லயத்துப் பிள்ளைன்னு எனக்குத் தெரியும்."

"அந்த லயம் இப்ப இல்ல, டத்தோ."

அவர் அறிக்கையைக் கருவிப் பெட்டி மேல் போட்டுவிட்டுத் திரும்பினார். அகதாவுக்கு இனி இழப்பதற்கு ஒன்றும் இல்லை. அறிக்கையையும் எரிந்த போர்டையும் மண்டபத்துப் பொத்தான் மேசைக்கு எடுத்துப் போனாள். நான்காவது கேமராவை அதன் மேல் திருப்பிக் குவியம் சரி செய்து, பொத்தானைத் தட்டினாள். வந்தவர்கள் பார்க்கட்டும், காரணம் எதுவென்று அவர்களே சொல்லட்டும் என்பது அவள் கணக்கு. மனிதர்களுக்குக் கண் இருந்தால் போதும் என்று அவள் நம்பியிருந்தாள்.

இரண்டு பெரிய திரைகளிலும் போர்டு நிறைந்தது. பச்சைத் தரையில் மஞ்சள் முகமாகப் பரந்த கறை. இரண்டு கரி வட்டங்கள். அவற்றுக்கு மேலே நடுவில் குங்குமம்.

சோறு ஒட்டிய கையோடு முன் வரிசையில் ஒரு கிழவி எழுந்தாள். இதே தோட்டத்தில் நாற்பது வருடம் புல் வெட்டிய செல்லம்மா. தன் வீட்டை இடித்த அன்று வாய் திறக்காதவள்.

"ஆத்தா வந்துட்டாடி," என்றாள். "முழிய பாருங்க, பொட்ட பாருங்க."

ஒருத்தி குலவையிட்டாள். பிறகு பத்துப் பேர். எச்சில் கையோடு கும்பிட்டார்கள், கும்பிட்ட கையால் கைப்பேசியை எடுத்தார்கள். சோலையப்பன் திரையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். வியாபாரிக்கு இரண்டு விநாடி போதும். கைகளைத் தலைக்கு மேல் குவித்தபடி மேசைக்கு வந்தார்.

"அந்த அட்டைய இங்க குடும்மா."

"கையெழுத்து, டத்தோ."

"என்ன எழுதியிருந்த? இன்னொரு தடவ படி."

அவள் படித்தாள். தீர்த்தம் உள்ளே போனது, குங்குமம் உள்ளே போனது, அதனால் எரிந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன் அவமானமாக இருந்த ஒவ்வொரு சொல்லும் இப்போது அற்புதத்துக்குச் சாட்சி. கையெழுத்துப் போட்டார். கேட்காமலே கோயில் முத்திரையும் குத்தினார். கண்ணாடிச் சட்டத்தில் மாட்ட ஒரு நகல் வேண்டும் என்றார். தவறில்லை என்ற கடைசி வரியை அவர் படித்தாரா என்பது சந்தேகம்.

அகதா முத்திரை காய்கிறதா என்று ஊதிப் பார்த்து, தாளைப் பையில் வைத்தாள். பிறகு போர்டைக் கொடுத்தாள். அதை ஒரு தாம்பாளத்தில் பட்டு விரித்து வாங்கிக்கொண்டு மேளத்தோடு உள்ளே போனார்கள்.

அப்பாவுக்குச் சுத்திகரிப்பு உண்டு, வேலை உண்டு. அவள் வந்தது அதற்குத்தான். உண்மையை இருநூறு பேர் முன்னால் திரை போட்டுக் காட்டியும் அதையே கடவுளாக்கிக் கும்பிடுகிறவர்களுக்கு அவள் வேறென்ன செய்திருக்க முடியும். குற்றம் அவளுடையதல்ல. செல்லம்மாவுடையதும் முழுக்க அல்ல. அவளிடமிருந்து வீட்டை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு அவளுக்கு அம்மனை மட்டும் விட்டு வைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்தான் அன்று முத்திரை குத்தியவர்.

கருவிகளை எடுக்க அறைக்குத் திரும்பியபோது செல்லம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"அந்தோனி மவதானே நீ? உன் கை பட்டுத்தான் ஆத்தா வெளிய வந்தா." ஒரு குங்குமப் பொட்டலத்தை நீட்டினாள். "புது மெசினுக்கும் ஒரு பொட்டு வெச்சிட்டுப் போ, தாயி."

"வீட்ல வைங்க பாட்டி. இங்க வேணாம்."

ரெம்பாவ் சாலையில் ஒரு மண்டபத்தில் நான்கு மணிக்கு அடுத்த வேலை இருந்தது. அகதா இயந்திரத்தின் முன் கதவைச் சாத்தினாள். கருவிப் பெட்டிக்குப் போட்டிருந்த பூட்டைக் கழற்றி, கதவின் கொண்டியில் மாட்டிப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள்.

செந்தில் ஓடி வந்தான். "அக்கா, சாவி?"

"என்கிட்ட இருக்கும்."

"அப்ப ஆயுத பூசைக்கு?"

"வெளிய தெளிச்சுக்க," என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள்.