ஆறு பேரை வளர்த்தவள்

தீர்த்தம்மாள் ஏழு பிள்ளைகளில் மூத்தவள். எட்டு வயதிலிருந்து அவள் இடுப்பு காலியாக இருந்ததில்லை. ஒரு தம்பி இறங்கினால் அடுத்த தங்கை ஏறிக்கொள்வாள். 1984-இல் கல்யாணமாகி பொம்மிடிக்கு வந்தாள். மறுமாதமே சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்த என் முன் வந்து நின்றாள்.

“எனக்குப் புள்ள வேணாமுங்க நர்சம்மா.”

“எத்தனை வருசத்துக்கு?”

“எப்பவுமே. ஆறு பேரை வளத்தாச்சுங்க.”

நாலு பெற்றவர்களிடம் போதும், போதும் என்று சொல்லித் தொண்டை வறண்டவள் நான். ஒன்றும் பெறாமலே போதும் என்றவளை அன்றுதான் பார்த்தேன். ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடம் பேசினாயா என்று கேட்டேன். பேசியிருந்தாள். அடுத்த மாதத்திலிருந்து மாத்திரை அட்டையை வாங்க அவனே வந்தான். பெயர் சென்றாயன், பஸ் கண்டக்டர். சித்தேரி பஸ்ஸில் அறுபது பேரை அதட்டி உள்ளே தள்ளுவான். அம்மா குள்ளம்மாளிடம் மட்டும் வாய் திறக்கமாட்டான்.

விஷயம் தெரியாத குள்ளம்மாள் பிள்ளைவரம் கேட்டு மருமகளைத் தீர்த்தமலைக் கோயிலுக்கு அழைத்துப்போனாள். அவளும் மறுக்காமல் தீர்த்தமாடி, விரதமிருந்து, வேப்பங்கொழுந்து தின்று, வீட்டுக்கு வந்து மாத்திரையையும் போட்டுக்கொண்டாள். எதையும் விட்டுவைக்காத பெண்.

இரண்டு வருஷம் கழித்து குள்ளம்மாள் இருவரையும் இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மகனுக்கு இரண்டாந்தாரமாகத் தன் அண்ணன் மகளைப் பேசியிருந்தாள்.

“இவ மலடின்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. தையில கல்யாணம்.”

ஒருத்தி நம்பிச் சொன்னதை வெளியே சொல்வது என் தொழிலில் இல்லை. சென்றாயனைப் பார்த்தேன். அவன் சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தான். தீர்த்தம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“படிச்சு முடிச்சியா தம்பி?” என்றேன்.

“எங்களுக்குப் புள்ள வேணாம்மா,” என்றான் அட்டவணையிடம். “மாத்திர வாங்கியாறதே நான்தான்.”

குள்ளம்மாள் உட்கார்ந்துவிட்டாள். “அடப்பாவி! அப்ப நான் பட்டினி கெடந்த வெள்ளிக்கெழமையெல்லாம்?”

“உடம்புக்கு நல்லதுதான்,” என்றேன்.

அன்றே அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பேச்சை முறித்தாள். காரணம் கேட்டவர்களிடம், “அவளைக் கட்டிவெச்சாலும் இவன் மாத்திரதானே வாங்கியாருவான்?” என்றாளாம். “எம் மருமக மலடியெல்லாம் இல்ல. திமிரு!” என்று வீடு வீடாகச் சொல்லியும் வந்தாள்.

“இப்படிச் சொல்றாங்களே, கோவமில்லையா?” என்று தீர்த்தம்மாளிடம் கேட்டேன்.

“இருக்கறதைத்தானுங்களே சொல்றாங்க,” என்றாள்.