பாங்கு வரைக்கும் கோல் வாசலில்

அமீரகத்தில் இருக்கும் எங்கள் கல்லூரிப் பழைய மாணவர்களின் கால்பந்து அணியில் எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தது திறமை இல்லை, விதிமுறை. அணிக்கு ஏழு பேர் ஆடும் அந்த லீக்கில், ஒவ்வொரு அணியிலும் நாற்பத்தைந்து தாண்டிய ஒருவர் ஆட்டம் முழுக்க மைதானத்தில் இருந்தாக வேண்டும். ஓட முடியாத ஆளை வேறு எங்கே நிறுத்துவார்கள்? கோலில் நிறுத்தினார்கள். சீசன் முழுக்க நின்றேன். பந்து ஒரு பக்கம் போகும். நான் மறுபக்கம் விழுவேன்.

கடைசி ஆட்டம் ரமலான் மாதத்தில் வந்தது. அட்டவணையில் கடைசியாக வரும் அணிக்கு அடுத்த வருடம் லீக்கில் இடமில்லை. எங்களுக்கு ஒரு டிரா போதும், தோற்றால் வெளியே. எங்கள் கேப்டன் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். வாரம் முழுக்க அவனை டூட்டிக்குப் போக வைப்பதே இந்த ஆட்டம்தான். தொடங்கும் முன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நீங்க பிடிக்கல்லாம் வேணாம். குறுக்க நின்னா போதும்."

"குறுக்க நிக்கிறதுக்குன்னே பொறந்தவன்டா நான். எங்க வீட்ல கேட்டுப் பாரு."

வாய் அப்படிப் பேசியது. கையுறைக்குள் விரல்கள் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தன.

நோன்பு மாதத்தில் ஆட்டம் சாயங்காலம், நோன்பு திறப்பதற்குச் சற்று முன்னால் நடக்கும். இரண்டு அணியிலும் பாதிப் பேர் நோன்பாளிகள் என்பதால் ஒரு வழக்கம் உண்டு: சூரியன் மறைந்ததும் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் மஃரிபு பாங்கு கேட்டால் ஆட்டம் முடிந்தது. இடையில் ஆட்டம் நின்ற நேரத்துக்கு ஈடாக ஒரு நொடிகூடக் கூட்டித் தரமாட்டார்கள். பேரீச்சம்பழ டப்பா கோல் கம்பத்தை ஒட்டி இருக்கும். பாங்கு கேட்டதும் அதைத் திறந்து எல்லோருக்கும் நீட்டுவது கோல்கீப்பரின் வேலை. அந்த ஒரு வேலையை மட்டும் நான் சொதப்பியதே இல்லை.

இரண்டாம் பாதியில் ஒன்றுக்கு ஒன்று. ஜெபல் அலித் துறைமுகக் கிரேன்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நான் பந்தைப் பார்த்ததைவிடச் சூரியனைத்தான் அதிகம் பார்த்தேன். 'இறங்கேன்யா, எதுக்கு இந்த பந்தா' என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னாலிருந்து கணீரென்று பாங்கு எழுந்தது.

கேப்டன் இரண்டு கையையும் தூக்கி "கலாஸ்! முடிஞ்சிருச்சு!" என்று குதித்தான். எங்கள் ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எதிரணியிலும் இரண்டு பேர் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டப்பாவை எடுக்கக் குனிந்தேன்.

அப்போதுதான் தெரிந்தது, பாங்கு பள்ளிவாசலிலிருந்து வரவில்லை. டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்த பைக்குள்ளிருந்து வந்தது. எங்கள் பின்வரிசை ஆட்டக்காரரின் போன். அவர் காயல்பட்டினத்துக்காரர், அவர்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி அணியில் எல்லோருக்கும் காக்கா, ஃபுஜைராவில் துணிக்கடை வைத்திருக்கிறார். போனில் பாங்குக்கு அந்த ஊர் நேரத்தை வைத்திருந்தார். அது அமீரகத்தின் கிழக்குக் கரை, அங்கே சூரியன் நமக்குச் சில நிமிடம் முன்னாலேயே மறைந்துவிடும்.

"சாலூ ஹை! மேட்ச் சாலூ ஹை!" என்று, ஆட்டம் இன்னும் நடக்கிறது என்பதை மலையாளி நடுவர் இந்தியில் கத்தினார்.

திரும்பினேன். எதிரணியின் முன்வரிசைப் பையன் பந்தோடு தனியாக வந்துகொண்டிருந்தான். நடுவில் ஒருவரும் இல்லை. என் கையில் பேரீச்சம்பழம். டப்பாவைக் கீழே போட்டால் உணவை வீசிய பாவம், போடாவிட்டால் கோல். இவ்வளவு பெரிய தத்துவச் சிக்கலை அரை நொடியில் தீர்க்கும் மூளை எனக்கு இல்லை. ஆகவே அலறினேன். அவன் உதைத்தான். நான் டப்பாவைக் கட்டிக்கொண்டு இடதுபக்கம் விழுந்தேன். பந்து வலதுபக்கம் வந்தது. என் வலது காலுக்கு மட்டும் நான் விழுந்த செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அது பழைய இடத்திலேயே இருந்தது. பந்து முழங்காலுக்குக் கீழே பட்டு வெளியே பறந்தது.

கார்னர். டப்பாவை மறுபடி கீழே வைத்தேன். காக்கா ஓடிவந்து கம்பத்தை ஒட்டி நின்றார்.

"மன்னிச்சிருங்க மாப்ளே."

"ஏன் காக்கா, உங்க கடைக்கு மட்டும் சூரியன் சீக்கிரம் ஷட்டர் போடுமா?"

"இப்பப் பேசாதிய. பந்தப் பாருங்க!"

கார்னர் பந்து உள்ளே வந்தது. யார் தலை, யார் முட்டி என்று தெரியவில்லை. யாரோ உதைத்தார்கள், காக்காவின் நெஞ்சில் பட்டது, மறுபடி உதைத்தார்கள், கம்பத்தில் அடித்துத் திரும்பி என் எதிரே உருண்டது. நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் தப்பாகத்தான் செய்திருப்பேன். அதன்மேல் தொப்பென்று விழுந்து, வயிற்றால் மூடினேன். இருபது வருட கல்ஃப் சாப்பாட்டுக்கு அன்றுதான் ஒரு பயன்.

அந்த நேரம் சாலைக்கு அப்பாலிருந்து பாங்கு கேட்டது. ஒருவரும் அசையவில்லை. கேப்டன்கூடக் கையைத் தூக்கவில்லை.

"இது நெசம்" என்றார் காக்கா மெல்ல.

"அங்கிள், பந்தக் குடுங்க. முடிஞ்சிருச்சு" என்றான் அந்த முன்வரிசைப் பையன்.

"ஒன்ன நம்பி எந்திரிப்பேனா தம்பி நான்?"

விசில் ஊதியதும்கூட எனக்குக் காதில் ஏறவில்லை. நடுவர் வந்து பக்கத்தில் குந்தினார். "கலாஸா பாய்?" என்று தரையிலிருந்தே கேட்டேன்.

"கலாஸ் பாய். உட்டோ."

எழ முடியவில்லை. கேப்டன் என் முதுகின் மேல் வந்து விழுந்திருந்தான். "இருக்கோம்ணே, அடுத்த வருஷமும் இருக்கோம்" என்று அழுகிறானா சிரிக்கிறானா தெரியாத குரலில் சொல்லிக்கொண்டே இருந்தான். அப்படியானால் அடுத்த வருடமும் நான்தான் நிற்க வேண்டும். அந்த பயத்தில், பந்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.