ஈ மொய்த்த வாசல்

கருவாட்டு வியாபாரமாகக் கொழும்புக்கு வந்திருந்தேன். வேலை காலையிலேயே முடிந்துவிட, ரயிலுக்கு நேரமிருந்ததால் ஊர் பார்க்க நடந்தேன். ஒரு சந்தில், சாத்திய கதவொன்றை ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. என் கால் தானாக நின்றது.

சிறு வயதில், மன்னாரில் எங்கள் வாசலிலும் அப்படித்தான் மொய்த்தன. முத்துக்குளிப்பு முடிந்த கிழமை அது. சிப்பி அழுகினால்தான் முத்தை எடுக்கலாம். வெள்ளைக்கார அரசாங்கத்துக்குக் காட்டாமல் மாமா கொண்டுவந்த சிப்பிகள், கோழிக்கூட்டுக்குக் கீழே புதைத்த பானைக்குள் அழுகிக்கொண்டிருந்தன. நாற்றத்தை மண் மூடியது. ஈயை மூட வழியில்லை.

அப்போதுதான் கோட்டுப் போட்ட ஒருவர் எங்கள் தெருவில் மெல்ல நடந்து வந்தார். வியாபாரத்துக்கு வந்தவராம். அம்மா வேலிப் படலையில் நின்று கேட்டார்.

"ஆரைத் தேடுறீங்கள்?"

"ஒருத்தரையும் இல்லை. சும்மா நடக்கிறேன்."

அவர் தலை மறைந்ததும் அம்மா சீறினார். "இந்த வெயிலில சும்மா நடக்கிறது கழுதை மட்டுந்தான். அரசாங்கத்து ஆள், ஈயைப் பாக்க வந்திருக்கு."

ஈ மொய்க்க ஒரு நியாயம் இருக்கட்டுமென்று மீன் தலைகளை அள்ளி வாசலில் பரப்பினார். பின்னேரத்துக்குள் தெரு முழுக்க வாசலுக்கு வாசல் மீன் தலை. எத்தனை வீட்டில் பானை இருந்ததென்று அன்றுதான் தெரிந்தது.

கொழும்புக் கதவு திறந்தது. ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆரைத் தேடுறீங்கள்?" எங்கள் மன்னார்க் கரைப் பேச்சு.

"ஒருத்தரையும் இல்லை. சும்மா நடக்கிறன்."

சொன்ன பிறகுதான், அந்தக் கோட்டுக்காரரும் உண்மையைத்தான் சொன்னாரோ என்று பட்டது.

சந்து முனையில் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் வாசலில் மீன் தலைகளைப் பரப்பிக்கொண்டிருந்தார்.