பின் சீட்டில் சொன்ன வார்த்தை

பெரிய அதிகாரிக்கு வண்டி ஓட்டுகிறவனுக்குக் காது கூடாது. இருபத்திரண்டு வருஷத்தில் ஐந்து தளபதிகளுக்கு ஓட்டியும் அந்த டிரைவரின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே வந்ததில்லை. யாருக்கு இடமாற்றம், யார் வீட்டில் சண்டை, எல்லாம் பின் சீட்டிலிருந்து வந்து காதில் விழும்; அதோடு சரி. ஷெட்டில் அவருக்குச் செவிடர் என்றே பெயர். "வீட்டுலயும் அந்தச் செவிட்டு வேஷம்தானா?" என்று மனைவி இடித்துக் காட்டுவாள்.

அந்த மழை நாளில் கேட்டதை மட்டும் அவரால் முழுங்க முடியவில்லை. பயிற்சிக்குப் போன லாரிகள் ஆற்றுப் பாலத்தருகே நின்றுவிட்டன. "பாலத்துக்கு மேல தண்ணி போகுது சார், கொஞ்சம் பொறுத்துப் போகட்டுமா?" என்று ஒயர்லெஸ்ஸில் கெஞ்சினான் ஓர் இளம் லெப்டினன்ட். பின் சீட்டிலிருந்த தளபதிக்கு அவசரம். மறுநாள் அமைச்சர் பார்வையிட வருகிறார். "பயமா இருந்தா வீட்டுலயே இருந்திருக்கணும். தாண்டு," என்றார். முதல் லாரியோடு ஐந்து பையன்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

உயிர் தப்பிய லெப்டினன்ட்தான் தன்னிச்சையாகத் தாண்டினான் என்று பேச்சு கிளம்பியது. குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்த கதை. அவனுக்குச் சிறைகூடக் கிடைக்கலாம். தளபதி எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரமாக ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். கெட்ட மனுஷராக இருந்திருந்தால் டிரைவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். டிரைவரின் மகளுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் கூடவே உட்கார்ந்திருந்தவர் இவர்.

பத்து மணிக்குத் தளபதி, பதினொரு மணிக்கு டிரைவர் என்று விசாரணைக்கு ஓலை வந்தது. ஒரே வண்டியில்தான் போனார்கள். சிக்னலில் நின்றபோது டிரைவர் ரோட்டைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார்.

"சார், என்னைக் கூப்பிட்டா அன்னிக்குக் காதுல விழுந்ததை அப்படியே சொல்லிடுவேன். வேலை போனாலும் போகட்டும்."

பச்சை விழுந்தது. கிளட்சைச் சட்டென்று விட்டதில் வண்டி அணைந்தே போனது. பின்னாலிருந்து ஹாரன் மேல் ஹாரன்.

"கிளப்புய்யா," என்றார் தளபதி. "உன்னைக் கூப்பிடறதுக்கு முன்னாடி நான் சொல்லியாகணும். இத்தனை நாள் தள்ளிப் போட்டதே தப்பு."

மணி பதினொன்றானது, ஒன்றும் ஆனது. வராந்தா பெஞ்சில் காத்திருந்த டிரைவரை யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் குமாஸ்தா எட்டிப் பார்த்தார்.

"நீங்க தேவையில்லைங்க. தாண்டச் சொன்னது நான்தான்னு அவரே எழுதிக் குடுத்துட்டாரு. அந்தப் பையன் தப்பிச்சான். இவருக்குப் பதவி போச்சு, கேஸும் வரும் போல."

லெப்டினன்டை நினைத்து டிரைவருக்கு மூச்சு வந்தது. தளபதி வெளியே வந்ததும் எழுந்து ஓடிப் பின்கதவைத் திறந்து பிடித்தார். தளபதி ஏறாமல் நின்றார்.

"அந்த அஞ்சு பசங்க வீட்டுக்கும் போகணும். இன்னிக்கே. வழி விசாரிக்கணுமா?"

"வேணாம் சார், முதல் வீடு எனக்குத் தெரியும். போன ஞாயித்துக்கிழமை போனேன். கதவு வரைக்கும் போயிட்டு, தட்டாம திரும்பி வந்துட்டேன்."