பாயின் படத்தில் மூன்று மாப்பிள்ளைகள்

கண்ணாடிக்குத் தட்டுப்பாடான யுத்த காலம். முதலாளி கண்ணாடி தேடிச் சேலம் போயிருந்தார். தருமபுரியில் படங்களுக்குப் பிரேம் போடும் எங்கள் கடை இரண்டு நாளைக்கு என் பொறுப்பு. முதல் நாளே கடையைக் கவிழ்க்கப் பார்த்தேன்.

புளி மண்டி பாய் ஒரு படம் கொடுத்திருந்தார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது ஏலம் விட்ட சாமான்களில் எடுத்தது. போன நூற்றாண்டில் ஐரோப்பிய ஓவியர் ஒருவர் எகிப்துப் பக்கம் போய்ப் பார்த்து வரைந்த ஓவியத்தின் வண்ண அச்சு. பெரிய பள்ளிவாசல், உயரமான தூண்கள், விரிப்பின்மேல் வரிசையாக நின்று தொழுகிறவர்கள். பிரேம் போட வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் கடைக்கு வருவதெல்லாம் சாமி படம். கண்ணாடி மூடுமுன் கிரீடத்துக்கும் சேலைக் கரைக்கும் ஜிகினா வெட்டி ஒட்டுவோம். என் கைக்கு அது மனப்பாடம். முருகனுக்கும் லட்சுமிக்கும் ஒட்டி முடித்த கை, அதே வேகத்தில் பாய் படத்தையும் இழுத்தது. மூன்று தலைப்பாகைகளில் ஜிகினா ஏறிவிட்டது. கிரீடம் முடிந்தால் அடுத்து ஆசி தரும் கை. அதைத் தேடினேன். யாரும் கையை நீட்டவில்லை. என்னை யாரும் பார்க்கவே இல்லை. அப்போதுதான் விழித்தேன்.

பதறி ஒன்றைப் பிய்த்தேன். அச்சு மையும் கூடவே வந்தது. ஓடிவிடலாமா என்று யோசித்தேன். தொப்பூர்க் கணவாய் வழியாக ஓடினால் முதலாளி எதிரே வருவார். பென்னாகரம் பக்கம் ஓடினால் மாமனார் வீடு. முதலாளியே தேவலை.

இந்த ஆராய்ச்சி முடியுமுன் பாயே வந்து நின்றார்.

"என்னப்பா, ஆச்சா?"

"பசை காயலீங்க பாய்."

"பிரேம் போடத்தான சொன்னேன், பசை எதுக்கு?"

எட்டிப் பார்த்தார்.

"இவங்களுக்கு மட்டும் யாருப்பா கல்யாணம் பண்ணி வச்சது?"

"பழக்க தோசமுங்க. மிச்சம் இருக்கறவங்களுக்கும் ஒட்டிரட்டுங்களா?"

"எடு மொதல்ல. பணக்காரனும் கூலிக்காரனும் ஒரே வரிசையில நிக்கறாங்கன்னுதான் இத ஆசப்பட்டு எடுத்தேன். நாளைக்கு மத்தியானம் வர்றேன். ஒருத்தரும் ஒசத்தியாத் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஒங்க மொதலாளிகிட்டப் பேசிக்கறேன்."

மறுநாள் காலை வெளிச்சத்தில் படத்தை வைத்து, ஈரப்பஞ்சை ஜிகினாமேல் ஒற்றி, பசை இளகும்வரை காத்திருந்து, கோழி இறகின் முனையால் எடுத்தேன். காத்திருக்கும் நேரத்தில் செய்ய வேறு வேலை இல்லாததால் படத்தைப் பார்த்தேன். பட்டு அங்கிக்காரர் பக்கத்தில் முதுகுத் துணி கிழிந்த ஒருவர். இருவர் பாதங்களும் ஒரே கோட்டில். மேலிருந்து வரும் வெளிச்சம் இருவர்மேலும் ஒரே அளவாக விழுந்திருந்தது. எங்கள் சாமிகள் எல்லாரும் கடைக்கு வருகிறவரையே பார்ப்பார்கள். இங்கே ஒருவர்கூடத் திரும்பவில்லை. திரும்பாத முதுகில் இத்தனை பக்தியைக் காட்டிய அந்த ஓவியர் எப்பேர்ப்பட்ட கைதேர்ந்தவர்! நானோ அவருக்குத் திருத்தம் போட்டிருக்கிறேன்.

இரண்டு தலைப்பாகைகள் சுத்தமாக வந்தன. நான் பிய்த்த இடத்தில் நகம் அளவு வெள்ளை. சாயம் தொட்டு மறைத்திருக்கலாம். தூரிகையை எடுத்தேன், என் கையை நம்ப முடியாமல் கீழே வைத்தேன்.

பாய் வந்ததும் நானே காட்டினேன். "இது நான் பயத்துல பிச்சதுங்க."

குனிந்து பார்த்தார். "இவரு தலப்பா நைஞ்சு போச்சு, அவ்வளவுதான். நம்ம பள்ளிவாசல்லயும் பாதிப் பேரு இப்படித்தான் வர்றாங்க. பிரேமப் போடு."

போட்டேன். சாயங்காலம் வந்த முதலாளியிடம் நானே சொன்னேன். அரைமணி நேரம் திட்டினார், ஆனாலும் கடையில் வைத்துக்கொண்டார்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். எந்தப் படம் வந்தாலும் பசைக் கிண்ணத்தை எட்ட வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அதன் முன்னால் நில்லுங்கள். வேலை செய்யாமல் நிற்கிறான் என்று முதலாளி நினைப்பார். நினைக்கட்டும்.