வாசலில் வைத்த கூடை

கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கொழுந்து பறிக்கிறேன். மகள் செல்வி சின்னவளாக இருந்தபோது, காலையில் அவளைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விடும்போதெல்லாம் என் முதுகில் இருக்கும் கூடையைப் பார்த்து அழுவாள். கூடையோடு அம்மா மலைக்குப் போய்விடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

நாலு வயதில் அவள் தொடையில் பெரிய கட்டி வந்தது. கீற வேண்டும் என்றார் தோட்டத்து டாக்டரையா.

"தாய் பக்கத்துல நின்னா புள்ள இன்னும் கூடக் கத்தும். நீ வெளிய போ."

தோட்டத்தை நடத்தும் துரையே மதிக்கிற மனிதர் சொல்கிறாரே என்று நம்பினேன். கூடையைக் கழற்றி அவள் கண்ணில் படும்படி ஆஸ்பத்திரி அறை வாசலில், உள்பக்கமாக வைத்தேன்.

"கூடை இங்கதான இருக்கு? அம்மா எங்கயும் போகல."

அவள் கூடையைப் பார்த்துச் சிரித்த நேரத்தில் நழுவிவிட்டேன்.

சுவருக்கு வெளியே நின்று அவள் அலறியதைக் கேட்டேன். கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை, பாவி. உள்ளே கூப்பிட்டபோது அவளுக்குக் குரல் கட்டியிருந்தது.

"கூடை இருந்துச்சே, நீ ஏம்மா இல்ல?"

கட்டி ஆறிவிட்டது. இப்போது யார் வெளியே போகச் சொன்னாலும் நான் போவதில்லை. போன மாதம் சின்ன மகனுக்கு ஊசி போட்டபோது மடியில் வைத்துக்கொண்டு, வலிக்கும் என்று உண்மையையே சொன்னேன். கூட வந்த செல்வி, வாசலில் நான் கழற்றி வைத்த கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து தம்பியின் காதில் சொன்னாள்:

"கூடைய நம்பாதடா. அம்மா கையப் புடிச்சிக்க."