பூட்டிய ஜீப்

பாதாள ரயிலில் வேலை செய்து ஓய்வுபெற்ற பிறகுதான் இலண்டன் குட்மேய்ஸில் இருக்கும் எட்வேட்டுக்கு விண்கல் பைத்தியம் பிடித்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் அவர் மனைவி மெலனி, மனுசன் தனியே போய்ச் செத்துவைப்பாரே என்ற பயத்தில் மொரோக்கோப் பாலைவனத்துக்குக் கூடவே போனாள்.

வழிகாட்டி வேண்டாம் என்றுவிட்டார் எட்வேட். அவன் வந்தால் கல்லை அவனல்லவா முதலில் காண்பான். தடி நுனியில் காந்தம் கட்டிக்கொண்டு, கறுப்பாகக் கிடந்ததையெல்லாம் குனிந்து குனிந்து தொட்டார். பாதி ஒட்டகப் புழுக்கை. முதல் நாள் மெலனி வயிறு நோகச் சிரித்தாள்.

மறுநாள் காலை ஜீப்பை நிறுத்தி, முதல் நாள் பொறுக்கிய கற்களை அதன் முன்பக்கப் பொனற்றின் மேல் அடுக்கிவிட்டு அவர் நடந்தார். கால் நீட்ட அவளும் இறங்கினாள். போகிற போக்கில் அவர் கையிலிருந்த திறப்பின் பொத்தானை அமத்த, கதவுகள் பூட்டிக்கொண்டன. ஆளரவமில்லாத மணல்வெளியில் இலண்டன் பழக்கம்! அவள் கூப்பிட்டது எதிர்காற்றில் கேட்கவில்லை. மேட்டுக்கு அப்பால் மறைந்துவிட்டார்.

தண்ணீர், போன் எல்லாம் உள்ளே. மத்தியானம் தாண்டியும் அவர் வரவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. தேடிப் போனால் தானும் தொலைந்துபோவாள். கடைசியில், பொனற்றின் மேல் அவர் அடுக்கி வைத்திருந்த கற்களில் பெரியதைத் தூக்கி ஜன்னலில் அடித்தாள். கண்ணாடி நொறுங்கியது, கல்லும் பிளந்தது. கையிலிருந்து இரத்தம் வடிந்தது. தண்ணீர்ப் போத்தலை எடுத்து இரண்டு மிடறு குடித்துவிட்டு மிச்சத்தை அவருக்கென்று வைத்தாள். போனில் சிக்னல் இல்லை. ஒரு 'அருள் நிறைந்த மரியே', ஒரு ஹோர்ன். மறுபடி ஒரு செபம், ஒரு ஹோர்ன். நேரம் போகப் போக ஹோர்ன் கம்மத் தொடங்கியது.

பொழுது சாயும்போது, போன திசைக்கு எதிர்த்திசையிலிருந்து தள்ளாடி வந்தார் எட்வேட். உதடு வெடித்திருந்தது. திசைகெட்டு அலைந்தவரை அந்தச் சத்தம்தான் இழுத்து வந்திருந்தது. உடைந்த ஜன்னலைப் பார்த்தார்.

"எந்தக் கல்லால உடைச்சனீர்?"

மெலனி அவர் கன்னத்தில் அறைந்தாள். அதுவரை அவர்மேல் ஒருநாளும் கைநீட்டியவள் அல்ல. பிறகு போத்தலை அவர் வாயில் வைத்தாள்.

"மரிச்ச ஆக்களுக்குச் சொல்லுற செபத்தை உங்களுக்குச் சொல்லத் தொடங்கிட்டன்," என்றாள்.

அவர் மணலில் குந்தி அழுதார். கண்ணீர் வரவில்லை.

இலண்டனில் கற்களை ஒரு நிபுணரிடம் காட்டினார்கள். அத்தனையும் சாதாரணக் கல்.

மாதா கோயில் மண்டபத்தில் மெலனி புழுக்கைக் கதையையும் பூட்டிய கதையையும் சொல்வாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் செபத்தைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. எட்வேட் பெற்றோல் அடிக்க இறங்கினால் இப்போது அவளும் இறங்கி அவர் பக்கத்தில் நின்றுகொள்கிறாள், மழையென்றாலும்.